கோட்டைக்குக் கௌரவம் வந்தது, குடிசைக்குப் பட்டா எப்போது?

(செஞ்சி பேரூராட்சித் தேர்தல் வேலையை ஒட்டி நடந்த தெருமுனைக் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியது)



கழனி வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு நேராக வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்முடைய அபேட்சகர் பேரூராட்சி மன்றத்துக்குப் போய் என்ன செய்யப் போகிறார் என்று தெருவுக்குத் தெரு கேட்கிறார்கள். ஓட்டுக் கேட்க வந்தவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? ஒரு ஆயா எங்களை நிறுத்தி வைத்துக் கேட்டார்: “தம்பி, ரோடு போடறேன், லைட்டு போடறேன்னு எல்லாரும்தான் சொல்றாங்கோ. நான் பொறந்ததுலேர்ந்து இந்த எடத்துலதான் கீறேன். இது என் எடமா, சர்க்கார் எடமா? அத்த மொதல்ல சொல்லு.” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் செஞ்சியின் அபிவிருத்தியைப் பற்றிப் பேச எவருக்கும் யோக்கியதை கிடையாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வார்டு மெம்பர் பட்டா கொடுக்க முடியாது. பட்டா தாலுகா ஆபீஸில், ரெவின்யூ இலாகாவின் கையில் இருக்கிறது. “என்னை ஜெயிக்க வையுங்கள், மறுநாள் பட்டா” என்று எவராவது சொன்னால், அவர் உங்களை ஏய்க்கிறார். மெம்பரால் முடிந்தது என்ன? எந்தத் தெருவில், எந்த சர்வே நம்பரில், எத்தனை குடும்பம், எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறது என்ற ஜாபிதாவைத் தயார் செய்து, மன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, தாசில்தார் மேஜையிலும் கலெக்டர் மேஜையிலும் வைத்து, பதில் வரும்வரை விடாமல் நிற்க முடியும். பின்னால் ஜனங்களும் நின்றால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வரும்.

பட்டாவையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்? மத்திய சர்க்கார் 2015ல் கொண்டுவந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில், தானே வீடு கட்டிக்கொள்கிறவருக்கு மான்யம் உண்டு. நம் ராஜ்யத்தில் மத்திய சர்க்கார் ஒன்றரை லட்சம், மாநில சர்க்கார் 60 ஆயிரம் என்று சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் கொடுத்தார்கள். யாருக்கு? சொந்த மனை உள்ளவருக்கு! மனை இல்லாதவன்தான் அதிகம் கஷ்டப்படுகிறவன். அவனுக்குத்தான் மான்யம் இல்லை. 2024ல் மாநில சர்க்கார் “கலைஞரின் கனவு இல்லம்” என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபாய், 2030க்குள் 8 லட்சம் வீடு. நல்ல திட்டம், நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அது ஊரக வளர்ச்சி இலாகாவின் திட்டம், கிராம ஊராட்சிகளுக்கு உரியது. செஞ்சி பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் குடிசைக்கு அது கிடையாது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தால் கனவு இல்லம், இந்தப் பக்கம் இருந்தால் வெறும் கனவு!

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2005ல் வந்த அந்தச் சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும். 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் அதை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். 125 நாள் என்று சொன்னார்கள். அதுவும் கிராமத்துக்கு மட்டுமே. செஞ்சி டவுனில் இருக்கிறவர்கள் எல்லாம் பங்களாவாசிகளா? 2011 சென்சஸ்படி இந்த ஊர் ஜனத்தொகை 27 ஆயிரத்துக்குச் சற்று மேல். நாற்று நடுகிறவர், கரும்பு வெட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிறவர் இவர்களில் எத்தனை பேர்! பெயர் டவுன், பிழைப்பு கிராமம். கேரளத்தில் 2010ல் அய்யங்காளி பெயரால் நகரங்களுக்கும் வேலை உறுதித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2022ல் சில இடங்களில் மட்டும் சோதனையாக நடத்தினார்கள். எல்லாப் பேரூராட்சிக்கும் அது வேண்டும் என்பது எங்கள் முதல் தீர்மானங்களில் ஒன்றாக இருக்கும்.

இப்போது கோட்டைக்கு வருவோம். 2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ கமிட்டி, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் உலகப் படத்தில் ஏறிவிட்டன. நமக்கும் பெருமைதான். 1677ல் சிவாஜி பிடித்தார், 1690லிருந்து 1698 வரை மொகலாயர் முற்றுகை போட்டார்கள், 1714ல் தேசிங்குராஜன் மடிந்தான், 1750ல் பிரெஞ்சுக்காரன் ஏறினான், 1761ல் வெள்ளையன் வாங்கினான் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். கல்லை உடைத்து எண்ணூறு அடி மலைமேல் ஏற்றியவன் பெயரை எந்தப் புத்தகமும் சொல்லாது. அவன் நம் பாட்டனுக்குப் பாட்டன். ஆகவே கோட்டை நம்முடையது என்ற உரிமையோடுதான் பேசுகிறோம்.

கௌரவத்தோடு கூடவே ஒரு சட்டமும் இருக்கிறது. 1958ல் வந்த புராதனச் சின்னங்கள் சட்டத்தை 2010ல் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டிடம் கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடாக இருந்தால் மட்டும், அனுமதி பெற்றுப் பழுது பார்க்கலாம். அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு எது கட்டினாலும் அனுமதி வேண்டும். மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பணம் படைத்தவன் கோட்டைச் சுவரிலேயே ஓட்டலைச் சாய்த்துக் கட்டிவிடுவான். ஆனால் எல்லை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கூலிக்காரனுக்கு யார் சொன்னது? மழையில் சுவர் இடிந்தால், திரும்ப எழுப்புவது பழுது பார்ப்பதா, புதுக் கட்டிடமா? அதைத் தீர்மானிக்கத் தரகர் பின்னால் அலைய வேண்டியிருக்கிறது.

நாங்கள் கேட்கப் போவது இதுதான். நூறு மீட்டர், முந்நூறு மீட்டர் எல்லைகளைத் தரையில் கல் நட்டுக் காட்ட வேண்டும். வரைபடத்தைப் பேரூராட்சி ஆபீஸ் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். பழுது பார்க்கும் மனுவைப் பேரூராட்சி ஆபீஸிலேயே கட்டணமில்லாமல் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு சின்னத்துக்கும் உபவிதிகள் தயாரிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. செஞ்சிக்கு உபவிதி எழுதும்போது அங்கே குடியிருக்கிறவர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். எல்லைக்குள் அடைபட்டு வீடு கட்ட முடியாத ஏழைக் குடும்பத்துக்கு, வெளியே மாற்று மனை தர வேண்டும். கல்லைக் காப்பாற்றும் செலவை இல்லாதவன் தலையில் மட்டும் ஏற்றுவது என்ன நியாயம்?

சுற்றுலா வந்தால் ஊருக்குப் பணம் கொட்டும் என்கிறார்கள். கோட்டை டிக்கெட்டுப் பணம் மத்திய சர்க்காருக்குப் போகிறது. ஊருக்குள் வந்து சேரும் குப்பையை வாருகிறவர் நம் துப்புரவுத் தொழிலாளி. லாட்ஜ் கட்டுகிறவருக்கு மனை விலை ஏறும். வாடகைக்கு இருக்கிறவருக்கு வாடகை ஏறும். நுங்கும் இளநீரும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறவர்களை “அழகுபடுத்துகிறோம்” என்று துரத்துவதுதான் பல ஊர்களில் முதல் வேலை. 2014ல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்திருக்கிறது. வியாபாரக் கமிட்டியில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடையோடு உட்காரும் அம்மாள்மார் அந்தச் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ரயில் விஷயமும் இப்படித்தான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை என்று 2006-07ல் அனுமதித்தார்கள். இருபது வருஷப் பேச்சு. டூரிஸ்டு காரில் வந்துவிடுவார். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குப் போகிறவனுக்கல்லவா ரயில் வேண்டும்?

சரி, சீதோஷ்ணத்துக்கு வருகிறோம். இந்தக் காலத்தில் காலநிலை மாற்றம் என்கிறார்கள். “அது படித்தவர் பேச்சு, நமக்கென்ன” என்று ஒரு தோழர் கேட்டார். 2024 நவம்பர் 30ந் தேதியை மறந்துவிட்டோமா? பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. ஏறிய பிறகும் நகராமல் மணிக்கணக்காக நின்று கொட்டியது. பக்கத்து மயிலத்தில் ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. நம் ஜில்லாவில் வருஷம் பூராவும் பெய்வதே சுமார் 100 சென்டிமீட்டர். அடுத்த நாள் இரவு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்து, தென்பெண்ணைக் கரை முழுதும் அழிந்தது. உலகம் பூராவும் கணக்கெடுத்ததில், அளவெடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து 2024தான் மிகச் சூடான வருஷம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். கடல் சூடானால் மழை மேகத்துக்குத் தீனி கூடுகிறது. நூற்றைம்பது வருஷமாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து லாபம் பார்த்தவன் எங்கேயோ இருக்கிறான். கூரை பிரிந்தது இங்கே.

புயலுக்குப் பிறகு நிவாரணம் எப்படி வந்தது என்றும் பாருங்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் ரேஷன் கார்டுக்கு 2000 ரூபாய் அறிவித்தார்கள். சேதமான குடிசைக்கு 10 ஆயிரம். நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17 ஆயிரம். பயிர்ப்பணம் நிலத்துக்காரர் கணக்கில் ஏறும், ஏறட்டும். சிறு விவசாயியும் நம் ஆள்தான். ஆனால் அறுப்பு இல்லாமல் போன கூலி நாளுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? மில் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் புதுச்சேரி ஏ.எப்.டி. மில்லைச் சிதைத்தது. பழைய மில் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. 2020 ஏப்ரலோடு மூடியே விட்டார்கள். புயல் ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. மூட நினைத்தவர்களுக்குப் புயல் ஒரு சாக்காகவும் ஆயிற்று.

இனிமேல் சொல்லப் போவது கஷ்டமான விஷயம். நம் ஆட்களுக்குள்ளேயே மனஸ்தாபம் வரக்கூடிய விஷயம் என்பதால் மறைக்காமல் பேசுகிறோம்.

பக்கமலையில் பெய்கிற தண்ணீர் சங்கராபரணியில் இறங்குகிறது. அதைத்தான் நாம் செஞ்சியாறு என்கிறோம். அது வீடூர் அணைக்குப் போகிறது. வழியில் ஏரிகள், ஓடைகள், வரத்து வாய்க்கால்கள். ஓடை அடைபட்டால் மேலே ஊர் மூழ்கும், கீழே ஏரி காயும். கடைமடை விவசாயியும் அங்கே வேலை பார்க்கிற விவசாயத் தொழிலாளியும் “வாய்க்காலைத் திற” என்கிறார்கள். நியாயம். அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் மனை இல்லாத நம் குடும்பங்கள் குடிசை போட்டிருக்கின்றன. 2007ல் வந்த ஏரி பாதுகாப்புச் சட்டமும் கோர்ட் உத்தரவுகளும் “ஆக்கிரமிப்பை எடு” என்கின்றன. புல்டோசர் வந்தால் முதலில் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

“ஓட்டுப் போகும், இதைப் பேசாதீர்கள்” என்று சிலர் சொன்னார்கள். பேசாமல் இருந்தால் வெள்ளம் வந்து பேசும். ஓடைக்குள் குடியிருப்பது ஆபத்து; அங்கே இருக்கிறவர்களுக்கு அது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பெஞ்சல் இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள்தான். எங்கள் நிலை இது: வாய்க்கால் திறக்கப்பட வேண்டும். அதற்கு முன் கான்கிரீட் போட்டு ஓடையை மறித்த பெரிய கட்டிடங்களின் கணக்கு வெளியே வர வேண்டும். குடிசைக்காரருக்கு இதே ஊரில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், மேட்டு நிலத்தில், பட்டாவோடு வீடு கட்டி, சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் குடிசை மேல் கை வைக்க வேண்டும். சாவி முதலில், இடிப்பு பிறகு. இந்த வரிசையை மாற்ற எவர் வந்தாலும் நம் அபேட்சகர் மன்றத்தில் அல்ல, குடிசை வாசலில் இருப்பார்.

தூரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போயின. வீட்டு வேலைக்கும் மார்க்கெட் வேலைக்கும் போன பெண்கள் பிழைப்பை இழந்தார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளக்காட்டில் குடியேற்றினார்கள். அது செஞ்சியில் நடக்க விடக்கூடாது.

மேட்டு நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நம் ஊர்களில் பள்ளம் யாருக்கு, மேடு யாருக்கு என்பது ஜாதி பார்த்துப் பிரித்தது. 2025 ஏப்ரலில் “காலனி” என்ற பெயரைச் சர்க்கார் ரிக்கார்டிலிருந்து எடுப்பதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். நல்லது. பெயர் போகட்டும், பள்ளமும் போக வேண்டும். 1957 ஏப்ரலில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை பதவி ஏற்ற ஒரு வாரத்துக்குள் குடியிருப்பவரை வெளியேற்றத் தடை போட்டது. பிறகு 1970லிருந்து குடிகிடப்புக்காரனுக்குக் கிராமத்தில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், பெரிய நகரத்தில் 3 சென்ட் என்று உரிமையாயிற்று. தமிழ்நாட்டிலும் 1971ல் குடியிருப்புச் சொந்த உரிமைச் சட்டம் வந்தது; நிலச்சொந்தக்காரர் இடத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்கியது. 2025 பிப்ரவரியில் சென்னையைச் சுற்றியும் மற்ற நகரங்களிலும் ஆட்சேபணையில்லாத புறம்போக்கில் இருக்கும் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா என்று மந்திரிசபை முடிவு செய்தது. மனசிருந்தால் சர்க்காரால் முடிகிறது. மனசு தானாக வருவதில்லை, அவ்வளவுதான்.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரியா தேசத்தில் வியன்னா என்ற பட்டணம். அங்கே 1923ல் தொழிலாளர் கட்சி நிர்வாகம் வீட்டு வரி ஒன்று போட்டது. பெரிய மாளிகைக்காரனுக்குப் பெரிய வரி, சின்ன வீட்டுக்குச் சின்ன வரி. 1934க்குள் நகரசபையே 60 ஆயிரத்துக்கு மேல் வீடு கட்டி வாடகைக்குக் கொடுத்தது. செஞ்சி வியன்னா அல்ல. நம் பேரூராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனாலும் நம் ஊரில் 2022ல் சொத்து வரி ஏற்றியபோது 600 சதுர அடிக்குள் 25 சதவிகிதமும், 1800 சதுர அடிக்கு மேல் 100 சதவிகிதமும் என்று ஏற்றினார்கள். ஏற்றிய பணத்தில் எவ்வளவு ஏழைத் தெருவின் சாக்கடைக்குப் போயிற்று, எவ்வளவு கடைவீதிக்குப் போயிற்று என்று தெருவாரியாகக் கணக்கை ஒட்டச் சொல்ல மெம்பருக்கு உரிமை உண்டு. கேட்பதற்கு ஆள்தான் வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கேட்பதற்கே ஆள் இல்லை. தேர்தலே நடத்தாமல் தனி அதிகாரி வைத்து நடத்தினார்கள்.

வெயிலைப் பற்றி நாலு வார்த்தை. சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே சித்திரை மாதத்தில் மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இங்கே பாறையும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் நம்மேல் ஊதுகிறது. 2024ல் மாநில சர்க்கார் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்து, வெயிலில் செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. சாகாமல் இருப்பதற்கு என்ன என்று நாங்கள் கேட்கிறோம். மில் பட்டணமான அகமதாபாத்தில் 2010 வெயிலில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு 2013ல் அந்த மாநகராட்சி முன்கூட்டியே எச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், ஆஸ்பத்திரி ஏற்பாடு என்று ஒரு திட்டம் போட்டது. குடிசைக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு டில்லி உத்தரவு வேண்டுமா? பேரூராட்சி வேலையில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் காண்டிராக்ட் கூலிக்கும் கோடையில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெயில் வேலை கிடையாது, கூலியும் குறையாது என்று மன்றமே தீர்மானம் போடலாம். பஸ் நிலையத்திலும், ஆள் பிடிக்க நிற்கிற இடத்திலும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் நிழலும் குடிதண்ணீரும் பெண்களுக்குக் கக்கூசும் வேண்டும்.

விற்பனைக்கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது. கோட்டைக்குள் போனால் நெற்களஞ்சியம் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்து ராஜாக்கள் நெல்லை நனையவிடவில்லை. ராஜகிரி அடிவாரத்தில் சக்கரகுளம், செட்டிகுளம் என்று மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள். மண்குழாய் போட்டுக் கல்யாண மகாலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ராஜாவின் பெண்டுகள் குளிக்கத்தான், ஊருக்கு அல்ல. அது வேறு விஷயம். இன்று ஜில்லாவெங்கும் இருந்து செஞ்சிக் கூடத்துக்கு வருகிற நெல் மூட்டை மழையில் நனைந்தது என்று செய்தி படிக்கிறோம். நனைந்தால் விலை குறைகிறது விவசாயிக்கு, கனம் ஏறுகிறது சுமைத் தொழிலாளி முதுகுக்கு. கூடம் பேரூராட்சியின் கையில் இல்லைதான். ஆனால் மன்றம் கேட்டு வாங்க வேண்டிய அபிவிருத்தி இதுதான்.

ஆகவே, இன்றே ஆரம்பிக்கிறோம். நம் தோழர்கள் நாளை சாயங்காலத்திலிருந்து தெருத்தெருவாக ஜாபிதா எழுத வருவார்கள். பட்டா இல்லாதவர்கள் ரேஷன் கார்டு நகல், பழைய கரண்ட் பில் அல்லது வீட்டு வரி ரசீது, எந்த வருஷத்திலிருந்து குடியிருக்கிறீர்கள் என்பதற்கு எந்தக் காகிதம் இருந்தாலும் எடுத்து வையுங்கள். பெஞ்சல் புயலில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சுவரில் கறை இருந்தால் காட்டுங்கள். எங்களுக்கு ஓட்டுப் போடாதவர் வீட்டையும் எழுத வேண்டும், விடக்கூடாது. கலெக்டர் மனு வாங்குவது திங்கட்கிழமை. விழுப்புரத்துக்குக் காலை பஸ்ஸில் போக வேண்டியிருக்கும், ஒரு நாள் கூலி போகும். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேஜைக்கு வாருங்கள்.